கோபுரம் போட்ட வெள்ளிக்காசு

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "வடிவமைப்பு பற்றிப் பேசுப்பா, பசங்களுக்குப் பிரயோஜனமா இருக்கும்" என்றார். நான் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி வடிவமைக்கிறவன். அதைப் பற்றி மட்டும் பேசினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பாதிப்பேர் தூங்கிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு வெள்ளிக்காசைப் பற்றிப் பேசப்போகிறேன். கடைசியில் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு வந்து சேர்ந்துவிடுவேன், பயப்பட வேண்டாம்.

எங்கள் வீடு ஆரப்பாளையத்தில். வைகைக் கரையிலிருந்து கூப்பிடு தூரம். என் பாட்டியின் அப்பா ஹார்வி மில்லில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்துக் கூலியிலிருந்து மிச்சம் பிடித்த சில வெள்ளி ரூபாய்களைப் பாட்டி ஒரு சுருக்குப்பையில் போட்டு, அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தார். எனக்கு நம் கல்லூரியில் இடம் கிடைத்த வருஷம், விடுதிக்கு முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. கையில் காசில்லை. பாட்டி பையை எடுத்துக்கொண்டார். "வா ராசா, தெற்கு ஆவணி மூல வீதி வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றார்.

கடைக்காரர் பையைக் கவிழ்த்தார். ஒவ்வொரு காசாக எடுத்துக் கல்மேல் சுண்டிவிட்டு ஓசை கேட்டார். விரல் நுனியால் விளிம்பைத் தடவினார். தராசில் வைத்தார். காசில் இருந்த தலையை அவர் ஒருமுறைகூட உற்றுப் பார்க்கவில்லை. "எல்லாம் நல்ல காசும்மா, ராணி தலையும் ராஜா தலையும்" என்றார். அந்தக் குவியலில் ஒரே ஒரு காசு மட்டும் வேறு மாதிரி. பெரியது, தேய்ந்தது. ஒரு பக்கம் கோயில் கோபுரம். "இது ரூபா இல்ல தம்பி, என்னமோ பழசு. எடைக்கு எடுத்துக்கிறேன்" என்றார். நான்தான் அதை வாங்கி ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுத் தராசில் வைத்தேன். சுற்றிலும் ஏதோ எழுத்து இருந்தது. படிக்கவில்லை. அவசரம்.

பல வருஷம் கழித்துச் சென்னையில், காசு சேகரிக்கும் ஒரு நண்பரின் ஆல்பத்தில் அதே கோபுரத்தைப் பார்த்தேன். அன்று படித்தேன். தமிழில்தான் இருந்தது. 'அரைப் பூவராகன்'.

கடைக்காரர் என்னை ஏமாற்றவில்லை. அவருக்குத் தெரிந்த எடையைச் சரியாகத்தான் போட்டார். எனக்குத் தெரிந்த எழுத்தை நான்தான் படிக்காமல் விட்டேன். அந்த வருத்தத்தில்தான் வெள்ளிக்காசுகளின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

வராகன் என்பது தென்னாட்டின் தங்கக்காசு. வராகம், அதாவது பன்றி அவதாரம், என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த வராகனில் ஒரு பக்கம் விஷ்ணு, மறுபக்கம் ஒரு நட்சத்திரம். வெள்ளைக்காரன் அதை நட்சத்திர வராகன் என்றான். நம் ஊர்க்காரருக்கு அந்த நட்சத்திரம் பூவாகத் தெரிந்தது. பூவராகன் ஆயிற்று. ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. ஆக ஒரு வராகனுக்கு 3,360 காசு. தசமப் புள்ளியில் வளர்ந்த நமக்குத் தலை சுற்றும். அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை இதை வாயாலேயே போட்டார்.

1807 வாக்கில் சென்னை நாணயச்சாலையில் இயந்திரம் வைத்துக் காசு அடிக்கத் தொடங்கினார்கள். அப்போது பிறந்ததுதான் வெள்ளியில் அரை வராகனும் கால் வராகனும். அரை வராகனின் எடை சுமார் 21 கிராம். ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்றால் அரை வராகனுக்கு ஒன்றே முக்கால் ரூபாய். அப்போதைய ஆற்காட்டு ரூபாயின் எடை சுமார் 12 கிராம். பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்.

இப்போது அதன் முகத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் கோபுரம், அதன் இருபுறமும் நட்சத்திரங்கள். அதைச் சுற்றி ஒரு வார்ப்பட்டை. அந்தப் பட்டையில் ஆங்கிலத்தில் மதிப்பு, கூடவே பாரசீகத்தில் மதிப்பு. மறுபக்கம் தாமரையிலிருந்து எழுவது போல விஷ்ணு, சுற்றிலும் புள்ளிகள். அதைச் சுற்றி ஒரு நாடாவில் தமிழிலும் தெலுங்கிலும் மதிப்பு. ஒரு காசில் நான்கு எழுத்துகள்! கம்பெனி அதிகாரிக்கு ஆங்கிலம், நவாப் கச்சேரிக்குப் பாரசீகம், சந்தைக்குத் தமிழும் தெலுங்கும், எழுத்தே தெரியாதவருக்குக் கோபுரமும் சாமியும்.

கம்பெனிக்கு நம் மொழிமேல் காதல் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். புதிதாக அடித்த காசைச் சந்தைக்காரர் வாங்க மறுத்தால் வியாபாரம் நின்றுபோகும். வாங்குகிறவர் நம்ப வேண்டும். அவர் நம்புகிற முகத்தை அவர் காசில் போட்டாக வேண்டும். வேறு வழி இல்லை. அவ்வளவுதான்.

இந்தக் காசுக்குள் இன்னொரு கதையும் இருக்கிறது. அரை வராகன்கள் சில, ஸ்பானிய டாலர் மேலேயே திரும்ப அடிக்கப்பட்டவை. மெக்சிகோவிலும், இன்றைய பொலிவியாவில் உள்ள போத்தோசி மலையிலும் தோண்டிய வெள்ளி, ஸ்பெயின் மன்னன் தலை போட்ட சுமார் 27 கிராம் டாலராகி, கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. இங்கே அதன் எடையைக் குறைத்துச் சரிசெய்து, அதன்மேல் கோபுரத்தை அடித்தார்கள். அடி சரியாக விழாத காசுகளில் கோபுரத்துக்கு அடியில் பழைய எழுத்துகளின் கோடு இன்றும் தெரியும். அமெரிக்கா 1794 இல் தன் முதல் வெள்ளி டாலரை அடித்ததும் இதே ஸ்பானிய டாலரை அளவாக வைத்துத்தான். 1857 வரை அந்த நாட்டில் ஸ்பானிய டாலர் சட்டப்படி செல்லும் காசாகவும் இருந்தது. அப்படிப் பார்த்தால் அமெரிக்க டாலரும் நம் கோபுரக்காசும் ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் மாதிரி.

அதே சென்னை நாணயச்சாலையில் ஆற்காட்டு ரூபாயும் அடித்தார்கள். அது இன்னும் வேடிக்கை. பெயர் ஆற்காடு, அடித்தது சென்னையில். அதில் இருந்த பெயர் முகலாய மன்னர் இரண்டாம் ஆலம்கீர். அவர் 1759 இலேயே இறந்துவிட்டார். ஆனால் 1835 வரை அவர் பெயரிலேயே, அவருடைய ஆறாம் ஆட்சியாண்டு என்று போட்டே காசு வந்துகொண்டிருந்தது. எழுபத்தைந்து வருஷம் கழிந்தும் காசில் ஆறாம் ஆண்டு முடியவே இல்லை.

ஏன் இப்படி? அன்றைக்குக் காசு மாற்றுகிற சராப்புகளிடம் ஒரு வழக்கம். புதுக் காசுக்கு முழு மதிப்பு. வருஷம் ஆகிவிட்டால் தேய்ந்திருக்கும் என்று சொல்லி, வட்டம் என்ற பெயரில் கழிவு பிடிப்பார்கள். காசில் ஆண்டு போட்டிருந்தால் அந்த ஆண்டே கழிவுக்குச் சாட்சியாகிவிடும். விவசாயி வாங்கின காசு வரி கட்டப் போகும்போது குறைந்துபோயிருக்கும். இதைத் தடுக்க வங்காளத்தில் கம்பெனி ஒரு தந்திரம் செய்தது. ஷா ஆலமின் 19 ஆம் ஆட்சியாண்டு என்று போட்ட ரூபாய்தான் செல்லும் என்று 1793 இல் விதி செய்தார்கள். அதன்பின் எந்த வருஷம் அடித்தாலும் காசில் 19 தான். காசுக்கு வயதே ஆகாது. பொய்தான். ஆனால் ஏழையின் பையில் ஓட்டை விழாமல் காத்த பொய். வடிவமைப்பில் ஒரு எண்ணைப் போடுவதும் போடாமல் விடுவதும் யாரோ ஒருவருடைய லாப நட்டத்தைத் தீர்மானிக்கிறது. தம்பிகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

1818 இல் சென்னை மாகாணத்தில் வராகனைக் கைவிட்டு வெள்ளி ரூபாயையே அடிப்படை ஆக்கினார்கள். 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று கணக்கு. அடுத்து 1835. அந்த ஆண்டின் 17 ஆம் சட்டம், கம்பெனி ஆண்ட பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் என்றது. எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. சுத்த வெள்ளி மெத்தென்று இருக்கும், சீக்கிரம் தேயும். செம்பு அதற்கு உறுதி தருகிறது. ஒரு பக்கம் நான்காம் வில்லியம் மன்னர் தலை. மறுபக்கம் இலை மாலைக்குள் ஆங்கிலத்திலும் பாரசீகத்திலும் ஒரு ரூபாய், சுற்றிக் கம்பெனியின் பெயர். கோபுரம் இல்லை. சாமி இல்லை. தமிழும் தெலுங்கும் இல்லை.

இந்தச் சீர்திருத்தத்துக்கு முன்நின்றவர்களில் ஒருவர் ஜேம்ஸ் பிரின்செப். கல்கத்தா நாணயச்சாலையில் உலோகச் சோதனை அதிகாரி. அசோகர் கல்வெட்டுகளின் பிராமி எழுத்தை 1837 இல் படித்துக் காட்டியவரும் இவர்தான். விசித்திரம் பாருங்கள். இரண்டாயிரம் வருஷப் பழைய எழுத்தைப் படித்துக்காட்டிய மனிதர் வேலை பார்த்த அதே காலத்தில்தான், உயிரோடு இருந்த நம் எழுத்துகள் காசிலிருந்து இறங்கின.

ஆனால் 1835 ரூபாயை வெறும் அதிகாரத்தின் முத்திரை என்று தள்ளிவிடவும் முடியாது. பொறியாளர் கண்ணோடு பார்த்தால் அது நல்ல பொருள். விளிம்பு முழுவதும் நுண்ணிய வரிகள். எவனாவது ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடினால் வரி மறையும், விரல் பட்டவுடன் தெரிந்துவிடும். ஓரம் சற்று உயர்ந்திருக்கும். காசும் காசும் உரசும்போது உள்ளே இருக்கும் உருவம் தேயாது. எடை எல்லா ஊரிலும் ஒன்றே. 180 கிரெயின் எடையை 1833 லேயே ஒரு தோலா என்று வரையறுத்திருந்தார்கள். ரூபாயும் தோலாவும் ஒரே எடை ஆனதும், காசே எடைக்கல் ஆகிவிட்டது. சென்னை மாகாணத்தில் மூன்று தோலா ஒரு பலம், எட்டுப் பலம் ஒரு சேர், ஐந்து சேர் ஒரு வீசை. எங்கள் பாட்டி கஷாயத்துக்கு மருந்து சொல்லும்போது "சுக்கு ஒரு ரூபா எடை" என்பார். அந்த ரூபாய் அடிப்பது நின்று அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும் அவர் நாக்கில் அந்த எடை மாறவில்லை.

ஆகவே கடைக்காரர் தலையைப் பார்க்காமல் ஓசையும் விளிம்பும் எடையும் பார்த்தாரே, அது தற்செயல் அல்ல. மன்னர் தலை லண்டனுக்காகப் போட்டது. விளிம்பும் எடையும் ஓசையும் தெற்கு ஆவணி மூல வீதிக்காக இருந்தவை.

1837 இல் விக்டோரியா பட்டத்துக்கு வந்தாலும், ரூபாயில் அவர் முகம் வந்தது 1840 இல். இளம் பெண் முகம், கிரீடம் இல்லை. வரைந்தவர் வில்லியம் வயோன். அதே 1840 இல் வெளிவந்த உலகின் முதல் தபால் தலையில் இருக்கும் ராணி முகமும் அவர் செய்த ஒரு பதக்கத்தைப் பார்த்து வரைந்ததுதான். ரூபாயில் ராணியின் கழுத்து முடியும் இடத்தில் டபிள்யூ. டபிள்யூ. என்று அவர் பெயரின் முதலெழுத்துகள் பொடியாக இருக்கும். செய்தவன் பெயர் இருக்க வேண்டும், ஆனால் கண்ணை உறுத்தக்கூடாது. எனக்குப் பிடித்த வழக்கம் இது.

1858 இல் கம்பெனி ஆட்சி போய் அரசி ஆட்சி வந்தது. 1862 ரூபாயில் ராணி கிரீடம் வைத்துக்கொண்டார், வேலைப்பாடு செய்த உடை உடுத்திக்கொண்டார். மறுபக்கம் பூவேலைக்குள் ஆங்கிலத்தில் மட்டும் ஒரு ரூபாய், இந்தியா, 1862. இருந்த ஒரே உள்நாட்டு எழுத்தான பாரசீகமும் போயிற்று. இதிலும் பழைய தந்திரம் தொடர்ந்தது. 1874 வரை அடித்த ரூபாய்களிலும் 1862 என்றே இருந்தது. பம்பாயில் மட்டும் எந்த வருஷத்துக் காசு என்று தங்களுக்குத் தெரிவதற்காகப் பொடிப் புள்ளிகள் வைத்தார்கள். மக்களுக்கு ஒரே ஆண்டு, நாணயச்சாலைக்கு ரகசியப் புள்ளி. நாமும் இன்று சர்க்யூட் பலகையில் மூலையில் திருத்த எண் போடுகிறோமே, அதே வேலை.

நம் சென்னை நாணயச்சாலை 1869 இல் மூடப்பட்டது. இன்று தங்கசாலைத் தெரு என்ற பெயர் மட்டும் மிச்சம். 1877 இல் காசில் இருந்த ராணி பேரரசி ஆனார். முகம் அதே முகம்தான், பட்டம்தான் மாறியது. 1903 இல் ஏழாம் எட்வர்டு ரூபாயில் பாரசீக எழுத்து திரும்ப வந்தது. தமிழ் வரவில்லை.

அடுத்து 1911. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் புது ரூபாய். அவர் அங்கியில் ஒரு விருதுச் சங்கிலி, அதில் பொடியாக ஒரு யானை. சிற்பி தும்பிக்கையைக் குட்டையாகச் செதுக்கிவிட்டார். காசு வெளியே வந்ததும் யானை பன்றியாகத் தெரிந்தது. மன்னர் மேனியில் பன்றியா என்று மக்கள் முகம் சுளித்தார்கள். வெளியே போகாத காசுகளை நாணயச்சாலை நிறுத்திக்கொண்டது. 1912 இல் தும்பிக்கையை நீட்டிப் புது அச்சு செய்தார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தும்பிக்கை! வராகத்தின் பெயரையே காசுக்குச் சூட்டிப் புழங்கிய மண்தான் இது. ஆனால் தானே பெயர் வைப்பது வேறு, அடுத்தவன் கவனக்குறைவாகச் செய்து கையில் திணிப்பது வேறு.

இந்த மாதிரித் தவறு நம் ஊரில் மட்டும் நடந்தது அல்ல. 1878 இல் அமெரிக்கா ஒரு புது வெள்ளி டாலர் வெளியிட்டது. செதுக்கியவர் இங்கிலாந்திலிருந்து போன ஜார்ஜ் மார்கன். சுதந்திர தேவியின் முகத்துக்கு மாதிரியாக இருந்தவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த அன்னா வில்லியம்ஸ் என்ற ஆசிரியை. மறுபக்கம் கழுகு. அதன் வாலில் எட்டு இறகு. அங்கே முந்தைய காசுகளில் வால் இறகு ஒற்றைப்படையில்தான் இருக்கும் என்று பேச்சு கிளம்ப, அதே வருஷம் ஏழாக மாற்றினார்கள். தும்பிக்கையானால் என்ன, இறகானால் என்ன? வரைகிறவன் கவனிக்காததைக் கையில் வாங்குகிறவன் கவனித்துவிடுவான்.

அந்த மார்கன் டாலருக்கும் ஆரப்பாளையத்துக்கும் உறவு உண்டு என்றால் சிரிப்பீர்கள். முதல் உலகப் போரின்போது இந்தியாவில் வெள்ளி ரூபாய்க்குக் கடும் தட்டுப்பாடு. காகித நோட்டைக் கொண்டுபோய் நீட்டினால் வெள்ளி கொடுத்தாக வேண்டும், கஜானாவிலோ வெள்ளி கரைந்துகொண்டிருந்தது. பிரிட்டன் அமெரிக்காவிடம் கேட்டது. 1918 ஏப்ரலில் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒன்று செய்து, கிடங்கில் குவிந்திருந்த வெள்ளி டாலர்களை உருக்கியது. இந்தியாவுக்காக மட்டும் உருக்கியது சுமார் 26 கோடி டாலர் காசுகள். அன்னா வில்லியம்ஸ் முகமும் ஏழு இறகுக் கழுகும் உருகி, பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஐந்தாம் ஜார்ஜ் தலை ஆயின. பாட்டியின் சுருக்குப்பையில் 1918, 1919 என்று போட்ட ரூபாய்கள் இருந்தன. அமெரிக்கச் சுரங்கத்தில் யாரோ தோண்டிய வெள்ளி, ஹார்வி மில் சங்கு ஊதிய பிறகு கூலியாக என் கொள்ளுத்தாத்தா வேட்டி மடிப்புக்குள் வந்து சேர்ந்திருக்கக் கூடும்.

பிற்பாடு 1940 இல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947 இல் நிக்கல் வந்தது. வெள்ளி ரூபாயின் கதை அத்தோடு முடிந்தது.

இப்போது சொன்னபடி ஸ்டார்ட்டர் பெட்டிக்கு வருகிறேன்.

வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருஷம். ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாருக்கு நான் ஒரு பெட்டி வடிவமைத்தேன். கிணற்றில் தண்ணீர் வற்றினால் தானாக நின்றுவிடும் ஏற்பாடு அதில் உண்டு. சோதனைக்காக அந்தப் பாதுகாப்பைத் தாண்டிப் போக ஒரு குமிழும் வைத்தேன். எல்லாக் குமிழும் ஒரே உருவம், ஒரே கறுப்பு. எல்லாப் பெயரும் ஆங்கிலத்தில். வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு விவசாயி. கோடைக் காலம். மோட்டார் அடிக்கடி தானாக நின்றது. பெட்டி கெட்டுப்போச்சு என்று நினைத்து அவர் குமிழ்களைத் திருகிப் பார்த்திருக்கிறார். ஒன்றைத் திருகியதும் மோட்டார் ஓடியது. சந்தோஷமாகப் படுத்துவிட்டார். விடிவதற்குள் தண்ணீர் இல்லாமல் ஓடி மோட்டார் காயில் கருகிவிட்டது. நான் நேரில் போனேன். அவர் திட்டவில்லை. "சார், நீங்க படிச்சவங்க. இதுல ஒரு வார்த்தை தமிழ்ல எழுதியிருந்தா நான் தொட்டிருக்க மாட்டேனே" என்றார். காய்ந்துகொண்டிருந்த அவருடைய கத்தரித் தோட்டத்து வரப்பில் நின்றுகொண்டு அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

அந்த இரவு எனக்கு 1808 இன் கோபுரக்காசு நினைவுக்கு வந்தது. கப்பலில் வந்த வியாபாரிக்கு, தன் லாபத்துக்காகவாவது, சந்தையில் நிற்கிற ஆளின் எழுத்து என்ன என்று கேட்கத் தோன்றியிருக்கிறது. ஆரப்பாளையத்தில் பிறந்து தமிழில் பேசி வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை. என் பெட்டி 1862 ரூபாய் மாதிரி இருந்தது. மேலே இருக்கிறவருக்குப் பிடிக்கும்படி அழகாக, ஆங்கிலத்தில் மட்டும்.

பிறகு மாற்றினோம். பெயர்கள் தமிழில். பாதுகாப்பைத் தாண்டும் குமிழுக்கு வேறு உருவம், இருட்டில் தொட்டாலே தெரியும்படி. அழுத்திப் பிடித்திருந்தால்தான் வேலை செய்யும், கையை எடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். செலவு அதிகம் ஆகவில்லை. முதலிலேயே செய்திருக்கலாம்.

தம்பி தங்கைகளே, நீங்கள் நாளை எதை வடிவமைத்தாலும் சரி, அது பாலமோ, மென்பொருளோ, மருத்துவக் கருவியோ, ஒரு கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இதைக் கையில் வாங்குகிறவர், என்னைக் கேட்காமல், தானே சரிபார்க்க முடியுமா? படிக்கத் தெரிந்தால் அவர் எழுத்தில். தெரியாவிட்டால் விரலுக்கும் காதுக்கும் தெரியும்படி. 2019 இல் நம் அரசு வெளியிட்ட காசு வரிசையை எடுத்துப் பாருங்கள். பார்வையற்றவர்களை மனத்தில் வைத்து, மதிப்பு கூடக்கூட அளவும் எடையும் கூடும்படி செய்திருக்கிறார்கள். இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம், விளிம்பில் வரி இல்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். நல்ல பொறியியல் அது. அதே காசில் எழுத்து என்று பார்த்தால் இந்தியும் ஆங்கிலமும் மட்டுமே. நம் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது. இலங்கைக் காசிலும் சிங்கப்பூர்க் காசிலும் தமிழ் இருக்கிறது. நம் நாட்டுக் காசில் இல்லை. இதை நான் கோபமாகச் சொல்லவில்லை. 2010 இல் வந்த ரூபாய்க் குறியீட்டை வரைந்த உதயகுமார் தமிழ்நாட்டுப் பிள்ளைதான். அடுத்த காசை வரையப்போகிறவர் இந்த அரங்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். அவர் காதில் விழட்டும் என்றுதான் சொல்கிறேன்.

என் வயதை ஒத்த நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பெரியவர்கள் வைத்துவிட்டுப் போன பானை, பெட்டி, சுருக்குப்பை எதுவானாலும், விற்பதற்கு முன் ஒரு நிமிஷம் வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள். பணம் தேவைப்பட்டால் விற்கத்தான் வேண்டும். அதில் தவறில்லை. படிக்காமல் விற்காதீர்கள்.

ஆல்பத்தில் அந்தக் காசைப் பார்த்துவிட்டு வந்த அன்று, பாட்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். அது அவருக்கு அவருடைய பாட்டி கொடுத்தது. வருத்தப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அதுல என்ன எழுதியிருந்துச்சு?" என்று கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "அரைப் பூவராகன்" என்று வாசித்துக் காட்டினேன். "எங்க அப்பத்தா அதை எடுத்துக் காட்டும்போது பூக்காசு, பூக்காசுன்னுதான் சொல்லும். நான் பூப் போட்டிருக்கும்னு நினைச்சேன். எழுதியே இருந்துச்சா!" என்றார்.

இரண்டு தலைமுறை, எழுத்துத் தெரியாமலே, அந்தக் காசின் பெயரைச் சரியாகச் சொல்லி வந்திருக்கிறது. எழுத்துத் தெரிந்த என் கையில்தான் அது பெயரில்லாமல் போயிற்று. அந்தக் காசு கட்டிய முன்பணத்தில் நம் விடுதியில் தங்கிப் படித்தவன் நான். பெயரையாவது இந்த மேடையில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் செயலாளர் கூப்பிட்டதும் உடனே ஒத்துக்கொண்டேன்.